முப்பத்தொன்றாம் வரிசையில் ஒரு பூஜ்யம்

கட்டுரை இதழுக்கு வந்து சேர்ந்த நாள்: 14 ஆகஸ்ட் 2023. ஏற்கப்பட்ட நாள்: 2 நவம்பர் 2023. இணையத்தில் வெளியான நாள்: 27 நவம்பர் 2023. திரும்பப் பெறப்பட்ட நாள்: 19 ஜூன் 2024. ஆசிரியர்கள் இருவர். முதலாமவர், அரசு மகப்பேறு மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர். இரண்டாமவர், அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர். பொருள்: எடை குறைந்து பிறந்த குழந்தைகளை வழக்கத்துக்குச் சற்று முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பி, செவிலியர் வீடு தேடிச் சென்று கவனித்தால் போதுமா என்பது. ஆய்வில் சேர்க்கப்பட்ட குழந்தைகள்: நாற்பத்தெட்டு.

இவ்வளவும் இதழின் இணையப் பக்கத்தில் இருக்கின்றன. முதலாம் ஆசிரியரைப் பற்றி அங்கே வேறெதுவும் இல்லை.

வார்டில் அவருக்கு ‘தராசு சிஸ்டர்’ என்று பெயர். குழந்தைகளை எடை பார்க்கும் சிறிய மின்தராசு ஒன்றைத் துணிப்பையில் சுற்றி, பள்ளிக்கூடப் பையைப்போல் முதுகில் மாட்டிக்கொண்டு அவர் வீடு வீடாகப் போவதைப் பார்த்து, வார்டுக் காவலாளி வைத்த பெயர் அது. தராசை அவர் ஒருவர் கையிலும் கொடுக்கமாட்டார். பேருந்தில் இருக்கை கிடைத்தால் மடியில் வைத்துக்கொள்வார். கிடைக்காவிட்டால் உட்கார்ந்திருப்பவரின் மடியில் வைத்துவிட்டு, “குழந்தை மாதிரிப் பாத்துக்குங்க, ஆட்டிடாதீங்க” என்பார்.

அவருடைய கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். “நான் மாடி மாடியா ஏறி இறங்குறேன், நீ வீடு வீடா ஏறி இறங்குற. நாம ரெண்டு பேரும் பாத்துக்கணும்னா நடுவுல எங்கயாவது மாட்டிக்கிட்டாத்தான் உண்டு” என்பது அவர் அடிக்கடி சொல்லும் நகைச்சுவை. மனைவி நாற்பது வயதுக்கு மேல் ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது முதலில் சிரித்தவரும் அவர்தான். அதே வாரத்தில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிவந்து, எழுத்துகள் தேய்ந்துபோன விசைகளுக்கு வெள்ளை மையால் எழுத்துப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து மனைவியை ‘டாக்டரம்மா’ என்றே அழைத்தார். “பட்டம் வரட்டுங்க, அப்புறம் கூப்பிடுங்க” என்று இவர் வெட்கப்பட்டால், “வந்தப்புறம் ஊரே கூப்பிடும். அப்ப என் கொரல் உனக்குக் கேக்குமா?” என்பார்.

ஆய்வுக்கான காரணம் எளிமையானது. வார்டில் படுக்கைகள் குறைவு. ஆயிரத்து அறுநூறு கிராம் எடையை எட்டும் வரை குழந்தையை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதுவரை தாய்மார்கள் வராந்தாவில் படுத்துக் கிடப்பார்கள். வீட்டில் மூத்த பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள். ஆயிரத்து நானூறிலேயே அனுப்பிவிட்டு, நாம் வாரம் இருமுறை போய்ப் பார்த்தால் என்ன என்று செவிலியர் கேட்டார். மருத்துவமனை அனுமதித்தது. மூன்றாம் மாத இறுதிவரை ஒவ்வொரு குழந்தையும் எத்தனை நாள் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது என்பதுதான் கணக்கு. ஒரு குழந்தைக்கு ஒரு வரிசை. நாட்களுக்கு ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு விதிகள் இருந்தன. ஒரு முறையும் சேர்க்கப்படாவிட்டால் பூஜ்யம். குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டால் ஒரு குறியீடு. குழந்தை இறந்துவிட்டால் இன்னொரு குறியீடு: தொண்ணூற்றொன்பது. முதலாவதைச் செவிலியர் பிசகாமல் எழுதினார்; ஊரைவிட்டுப் போன குடும்பங்களையும் தேடிப் பிடித்துவிட்டதால் இரண்டாவதுக்குத் தேவையே வரவில்லை. மூன்றாவதை, தேவை வந்தபோதும், அவர் எழுதியதே இல்லை. அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டார்.

ஏன் என்பதை முப்பத்தொன்றாம் குழந்தையைக் கொண்டு சொல்லலாம். பிறந்தபோது ஆயிரத்து எண்பது கிராம், ஆய்விலேயே மிகக் குறைந்த எடை. தாய்க்குச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும் வேலை. தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய குறுகலான படிகளில் ஏறினால் இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. குழந்தை வீட்டுக்கு வந்த ஐந்தாம் வாரம் செவிலியர் மூச்சிரைக்க ஏறிப்போய், வழக்கம்போலத் தராசைத் தரையில் வைத்து இயக்கி, அதன்மேல் மெத்தென்ற துண்டை விரித்து, “எங்க நம்ம பயில்வான்?” என்று கேட்டபடிதான் நிமிர்ந்தார். தாய் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. தராசில் பச்சை நிறத்தில் பூஜ்யங்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அதை அணைக்க வேண்டும் என்றுகூடச் செவிலியருக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை கணினியின் முன் உட்கார்ந்தபோது தொண்ணூற்றொன்பது என்று அடிக்கக் கை வரவில்லை. நாளை எழுதலாம் என்று விட்டார். அதற்கு முன்பு இறந்த மூன்று குழந்தைகளுக்கும் அப்படித்தான் விட்டிருந்தார்; பின்னர் இரண்டு குழந்தைகளுக்கும் அதுவே நடந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தாலே யார், எந்த வீடு, எந்தப் படி என்பது அவருக்குத் தெரியும். அட்டவணைக்கு அடியில், ‘வெற்றுக் கட்டங்கள்: மூன்றாம் மாதம் வரை பதிவு இல்லாதவை’ என்று ஓர் அடிக்குறிப்பு மட்டும் சேர்த்தார். இறப்பு என்ற சொல் அதில் இல்லை.

கட்டுரை எழுதும் காலம் வந்தது. இதழ் வெளிவரும் மொழி அவருக்கு மருந்துச்சீட்டைப் படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். வழிகாட்டி நல்ல மனிதர். ஒரே நேரத்தில் ஒன்பது மாணவர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார்.

“மொழிக்காகக் கெடந்து மண்டைய ஒடைச்சுக்காதீங்க சிஸ்டர். செயற்கை நுண்ணறிவுக் கருவி இருக்கு, அதுகிட்டக் குடுங்க.”

“அது தப்பில்லையா சார்?”

“மறைச்சாத்தான் தப்பு. மொழியத் திருத்த மட்டும்னா இதழே அனுமதிக்குது. ஆனா செஞ்சத வெளிப்படையாச் சொல்லணும். பொறுப்பு நம்மளோடது. அதுக்கும் ஒரு வரி எழுதணும்.”

அந்த வரியைத்தான் செவிலியர் முதலில் எழுதினார், கட்டுரையையே தொடங்குவதற்கு முன்: ‘மொழித் திருத்தத்துக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தப்பட்டது. திருத்தப்பட்ட பகுதிகள் அனைத்தையும் ஆசிரியர்கள் சரிபார்த்தனர். உள்ளடக்கத்துக்கு ஆசிரியர்களே முழுப் பொறுப்பு.’

சரிபார்க்கவும் செய்தார். தனக்குத் தெரிந்த அளவில் எழுதியதை ஒவ்வொரு பத்தியாகக் கருவியிடம் கொடுத்து, பொருள் மாறாமல் மொழியை மட்டும் திருத்தச் சொல்லி, வந்ததையும் தந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அகராதியோடு வரி வரியாக ஒப்பிட்டார். தாய்ப்பால் என்று அவர் எழுதியிருந்த ஓரிடத்தில் கருவி வெறும் பால் என்று போட்டிருந்தது. “ஏண்டா, பாக்கெட் பாலா குடிச்சுது எம்பிள்ள?” என்று திரையைப் பார்த்துத் திட்டினார். அடுத்த அறையிலிருந்து கணவர், “யாரு டாக்டரம்மா அது, நம்மள விட்டுட்டு வேற ஆளத் திட்டறது?” என்று குரல் கொடுத்தார். இப்படி ஐந்தாறு இடங்களில் கருவியைக் கையும் களவுமாகப் பிடித்தார். பிடிக்கப் பிடிக்க நம்பிக்கை வளர்ந்தது. கருவியின்மேல் அல்ல, தன் கண்ணின்மேல்.

இரண்டாம் அட்டவணையைக் கடைசியில்தான் கொடுத்தார். அதில் வாக்கியம் எதுவும் இல்லை, எண்கள் மட்டுமே. இதழ் கேட்கும் வடிவத்துக்கு மாற்றித்தா என்றார். கருவி சீராக்கித் தந்தது. கீழே, ‘முழுமையற்ற இடங்களைச் சரிசெய்து சராசரிகளைப் புதுப்பித்துள்ளேன்’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தது. கோடுகளையும் தசமப் புள்ளிகளையும் சொல்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். எழுத்தைத்தான் அவர் சந்தேகப்பட்டிருந்தார். எண்கள் அவருடையவை, தராசைச் சுமந்து போய் அவரே கொண்டுவந்தவை. அவற்றில் யார் கை வைக்கப்போகிறார்கள்? ஆறு காலிக் கட்டங்களிலும் கருவி பூஜ்யத்தை நிரப்பியிருந்தது. கட்டங்கள் நிரம்பியதால் அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டிருந்தது.

புதிய சராசரியைப் பார்த்து வழிகாட்டி முடிவுரையை எழுதினார்: மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கும் நாட்கள் கூடவில்லை; ஆகவே இம்முறை ஏற்கத்தக்கது. உயிரோடிருந்த குழந்தைகளைப் பற்றிய வாக்கியம் என்றே செவிலியர் அதைப் படித்தார்.

மதிப்புரையாளர் இருவரில் ஒருவர் ஒரு பத்தி பாராட்டியிருந்தார். ‘இத்தகைய ஆய்வுகளில் விடுபட்ட தரவு ஏதும் இல்லாதது மிக அரிது, ஆசிரியரின் அர்ப்பணிப்புக்கு இதுவே சான்று.’ அந்த வரி செவிலியரை ஒரு கணம் உறுத்தியது. பிறகு, ஊரைவிட்டுப் போன குடும்பங்களைக்கூடத் தேடிப் பிடித்ததைத்தான் சொல்கிறார் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கட்டுரை வெளியானபோது வார்டில் கேக் வெட்டினார்கள். காவலாளி, “தராசு சிஸ்டர் இனிமே தராசு டாக்டர். நாங்க எல்லாரும் எடை கொறஞ்சவங்க, பாத்து நடத்துங்க” என்றார். கணவர் கட்டுரையை அச்சிட்டு, முதற்பக்கத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, திருப்புளிகளோடும் எண்ணெய்க் குப்பியோடும் தன் கருவிப்பையில் வைத்துக்கொண்டார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், மின்தூக்கி ஓடுகிறதோ இல்லையோ, அதை எடுத்துக் காட்டாமல் திரும்பமாட்டார்.

பிப்ரவரியில் ஒரு நண்பகல், தாய்ப்பாலை அளந்து ஊற்றும் அறையில் செவிலியர் நின்றிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. வேறோர் ஊர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் பேசினார்.

“மேடம், உங்க கட்டுரைய எங்க வார்டுச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம்.”

“ஐயோ, சிஸ்டர்னே கூப்பிடுங்க சார்.”

“சரி சிஸ்டர். ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். ரெண்டாம் அட்டவணையில முப்பத்தொண்ணாம் நம்பர். ஆயிரத்து எண்பது கிராம். இருக்கறதுலயே அதான் சின்னது. ஆனா ஒரு நாள்கூடத் திரும்ப அட்மிட் ஆகல! பூஜ்யம்! அந்த வீட்ல அப்படி என்னதான் பண்ணாங்க? சொன்னீங்கன்னா எங்க அம்மாக்களுக்கும் சொல்லிக்குடுப்போம்.”

செவிலியர் கையிலிருந்த அளவுக்குவளையை மேசையில் வைத்தார்.

“முப்பத்தொண்ணா சார்?”

“ஆமா. அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்? நடக்கறானா?”

“அவன் எறந்துட்டான் சார். அஞ்சாவது வாரமே.”

மறுமுனையில் ஏதோ ஒரு குழந்தையின் மெல்லிய அழுகை மட்டும் கேட்டது.

“அப்ப இந்த பூஜ்யம்?”

“தெரியல சார். நான் எழுதல. நான் ஒண்ணுமே எழுதாமத்தான் விட்டேன்.”

“சிஸ்டர், உங்க பேப்பர நம்பித்தான் நாங்க எடை வரம்பக் கொறச்சோம். போன மாசத்துலேருந்து நாலு குழந்தைங்கள வீட்டுக்கு அனுப்பியாச்சு. உங்க அளவுக்கு வீட்டுக்குப் போய்ப் பாக்க எங்ககிட்ட ஆளுகூடக் கெடையாது. ஆனா நம்பர் நல்லா இருந்துச்சு, அனுப்பிட்டோம்.”

“திரும்பக் கூப்பிடுங்க சார். இப்பவே கூப்பிடுங்க. தயவுசெஞ்சு ஃபோன வச்சுட்டுக் கூப்பிடுங்க.”

அன்று மாலை அவர் தன் பழைய அட்டவணையையும் வெளியான அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாக்கியங்களுக்குச் செய்ததை எண்களுக்கு முதன்முறையாகச் செய்தார். ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்துநான்கு. இறந்த ஆறு குழந்தைகளும் ஒரு நாள்கூட நோயில் படுக்காத ஆறு குழந்தைகளாக அச்சில் இருந்தன.

மறுநாள் வழிகாட்டியின் அறையில், ஆய்வேடுகள் அடுக்கியிருந்த நாற்காலியைக் காலி செய்து உட்காரக்கூடக் காத்திராமல் சொன்னார்:

“சார், ஆறு பேரு எறந்துட்டாங்க.”

“ஐயோ! எங்க? விபத்தா?”

அவர் இரண்டு அட்டவணைகளையும் நீட்டினார். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“மொதல்ல நீங்க காட்டுனப்ப கட்டம் காலியாத்தான் இருந்துச்சு. குடும்பங்க திரும்ப வரலபோலன்னு நெனச்சேன். அப்புறம் பூஜ்யத்தப் பாத்ததும், நீங்க எப்படியோ தேடிப் புடிச்சுட்டீங்கன்னு சந்தோஷப்பட்டேன் சிஸ்டர். நீங்கதான் எந்த வீட்டயும் விடமாட்டீங்களே.”

“நீங்க கேட்டிருக்கலாம் சார்.”

“நீங்க எழுதியிருக்கலாம்.”

இரண்டும் உண்மை. பிறகு வழிகாட்டி, இதழுக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பி அட்டவணையை மட்டும் மாற்றிவிடலாம் என்றார்.

“ஆறு இறப்பச் சேத்துக்கிட்டா முடிவுரை நிக்குமா சார்?”

வழிகாட்டி பேனாவைத் திறந்து காகித ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

“நிக்காது.”

“அப்ப முழுசாத் திரும்ப எடுத்துக்கணும்.”

“சிஸ்டர், யோசிச்சுச் சொல்லுங்க. பட்டத்துக்கு ஒரு வெளியீடு கட்டாயம். உங்க பதிவு இந்த டிசம்பரோட முடியுது. ரெண்டு தடவ நீட்டிப்பு வாங்கியாச்சு, மூணாவது கெடையாது. இதத் திரும்ப எடுத்தா ஏழு வருஷம் தண்ணில போட்ட மாதிரி.”

“தெரியும் சார்.”

“கருவியோட பிழைன்னு எழுதுவோம். இப்ப உலகம் முழுக்க இது நடக்குது. யாரும் உங்களக் குத்தம் சொல்லமாட்டாங்க. கொஞ்சம் அனுதாபம்கூடக் கெடைக்கும்.”

“ஆசிரியர் பேரு போடற எடத்துல கருவியோட பேரு இல்லையே சார். நாம ரெண்டு பேருதான இருக்கோம். சரிபாத்தோம்னு வேற எழுதியிருக்கோம்.”

இதழாசிரியருக்கான கடிதத்தில் இருவரும் அன்றே கையொப்பமிட்டனர். அட்டவணைகளை நிரப்புவது கருவியின் இயல்பு என்பதைத் தாங்கள் எண்ணிப்பார்க்கவில்லை என்றும், இறப்பைக் குறிக்க வேண்டிய கட்டங்களைக் காலியாக விட்டது முதலாம் ஆசிரியரின் தவறு என்றும், இறுதி அட்டவணையை மூலத்தோடு ஒப்பிடாதது இருவரின் தவறு என்றும் அதில் இருந்தது.

வீட்டில் கணவர் கேட்டதும் முதலில் கோபப்பட்டார்.

“யாருக்குத் தெரியப்போவுது? அந்த டாக்டருகிட்டச் சொல்லியாச்சுல்ல, அவரு பாத்துக்குவாரு. உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல?”

“இன்னும் எத்தன வார்டுச் சுவத்துல ஒட்டி வச்சிருக்காங்களோ, எனக்கு எப்படிங்க தெரியும்?”

“ஏழு வருஷமா ஞாயித்துக்கெழமன்னு ஒண்ணு உனக்கு இருந்துச்சா? அதயாவது நெனச்சுப் பாரு.”

“உங்களுக்குந்தான் இல்ல” என்றார் செவிலியர். கணவர் கருவிப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்த தாளை எடுத்தார். அதில் எண்ணெய் விரல் பதிந்திருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

இறந்த குழந்தைகளின் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. ஆறு வீடுகளில் மூன்றில் இப்போது வேறு குடும்பங்கள் இருந்தன. இரண்டு வீடுகளில் கதவைத் திறந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள், உள்ளே அழைக்கவில்லை. கடைசியாகத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய படிகளில் ஏறினார். அன்றுதான் முதுகில் தராசு இல்லாமல் அந்தப் படிகளில் ஏறினார்; கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தாய் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அடையாளம் கண்டதும் சட்டைகளை ஒதுக்கி இடம் செய்தாள்.

“வாங்கக்கா. பாத்து ரொம்ப நாளாச்சு.”

“ஒண்ணு சொல்லணும்மா. உன் பிள்ளையப் பத்தி ஒரு எடத்துல தப்பா அச்சாயிடுச்சு. என் தப்புதான்.”

“என்னன்னுக்கா?”

“ஒரு நாள்கூட ஒடம்புக்கு முடியாமப் போகல, நல்லா இருந்தான்னு.”

தாய் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அவள் அழுவாள் என்று செவிலியர் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. மாறாக, தூரத்தில் யாரையோ பார்ப்பதுபோல முகம் சற்று மலர்ந்தது.

“அப்படியா போட்டிருக்கு? எத்தன பேரு அதப் படிச்சிருப்பாங்க?”

“நெறைய பேரு. வெளியூர்லகூட.”

“அவங்கல்லாம் எம்பையன் நல்லா இருக்கறதா நெனச்சுட்டு இருக்காங்களா?”

செவிலியர் தலையசைத்தார்.

“அத மாத்தித்தான் ஆகணுமாக்கா?”

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வந்திருக்கவில்லை. வழிகாட்டியிடம் பட்டத்தைப் பற்றிப் பேசியபோது அவர் தடுமாறியிருக்கவில்லை. அந்தத் தாளை நம்பி வேறோர் ஊரில் சின்னஞ்சிறு குழந்தைகளைச் சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னார். தாய் முழுவதையும் கேட்டாள். ஒரு பொத்தானை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“நீங்க அப்ப என்ன எழுதியிருந்தீங்க?”

“ஒண்ணும் எழுதலம்மா. எழுத மனசு வரல.”

“எனக்குந்தான் யாருகிட்டயும் சொல்ல வாய் வரல. ஆனா கேக்கறவங்களுக்குச் சொல்லித்தானக்கா ஆகணும்.” சட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “செத்துட்டான்னே எழுதுங்க. சுத்தி வளைக்காதீங்க.”

இதழிலிருந்து முதலில் தானியங்கிப் பதில் வந்தது. பிறகு, பரிசீலனையில் உள்ளது என்றொரு கடிதம். மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. கட்டுரை அதே இடத்தில், அதே பூஜ்யங்களோடு, யாரும் தரவிறக்கிக்கொள்ளும்படி இருந்தது. செவிலியர் வாரந்தோறும் நினைவூட்டல் அனுப்பினார். வெளியூர் மருத்துவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது: ‘மூணு பேர் வந்துட்டாங்க சிஸ்டர். நல்லா இருக்காங்க. நாலாவது வீடு பூட்டியிருக்கு, தேடுறோம்.’ அதன்பின் அவரிடமிருந்து செய்தி இல்லை. செவிலியர் சிலமுறை அவருடைய எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, அழுத்தாமலேயே தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஜூன் மாதம் கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற சொல் சிவப்பில் விழுந்தது. திருத்திய அட்டவணையோடு, வேறு முடிவுரையோடு, அவர் அதே ஆய்வை வேறு இரண்டு இதழ்களுக்கு அனுப்பினார். ஒன்று எண்ணிக்கை போதாது என்றது. மற்றொன்று, முன்பு திரும்பப் பெற்ற கட்டுரையைச் சுட்டிக்காட்டி, மதிப்புரைக்கே அனுப்பாமல் திருப்பிவிட்டது. டிசம்பரில் பதிவு காலாவதியானது. வழிகாட்டி தொலைபேசியில் அழைத்து, வேறேதோ விசாரிப்பதுபோலத் தொடங்கி, அதைச் சொல்லாமலேயே முடித்தார்.

செவிலியர் இன்றும் அதே வார்டில் இருக்கிறார். எடை வரம்பு பழையபடி ஆயிரத்து அறுநூறு. தாய்மார்கள் வராந்தாவில் படுத்திருக்கிறார்கள். காவலாளிக்கு விவரம் முழுதாகத் தெரியாது. ‘தராசு டாக்டர்’ என்று ஒருமுறை கூப்பிட்டார், அவர் முகத்தைப் பார்த்தபின் மறுபடி கூப்பிடவில்லை. கணவர் மட்டும் வீட்டில் இன்னும் ‘டாக்டரம்மா’ என்கிறார். ஒருநாள் வாய்தவறிப் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டார். இருவரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

பழைய மடிக்கணினியில் இரண்டாம் அட்டவணை இருக்கிறது. ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்துநான்கு ஆகிய வரிசைகளில் குறியீடு எதுவும் இல்லை. ‘இறந்தது’ என்ற சொல்லும் அதற்குரிய தேதியும் உள்ளன.

திரும்பப் பெறப்பட்ட நாளிலிருந்து 31 ஆகஸ்ட் 2025 வரை அக்கட்டுரையைச் சான்றாகக் காட்டிய பிற கட்டுரைகள்: பத்தொன்பது. அவற்றுள், அது திரும்பப் பெறப்பட்டது என்று குறிப்பிட்டவை: ஒன்று.